குடலை உள்நோக்கும் குழாய்க்குத் துணைக் கருவிகள்: சோதனைகள் கூறுவது என்ன?

ஐம்பது வயதைக் கடந்த ஒருவர், தோட்டத்திற்கு அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார நிலையத்தில் மலச்சோதனை செய்துகொள்கிறார். அவருக்கு எவ்வித நோவும் இல்லை. நாள்தோறும் நிரைக்குச் சென்று மரம் சீவுகிறவர். சில நாள்களில், "மலத்தில் கண்ணுக்குத் தெரியாத இரத்தம் கலந்திருக்கிறது, பெரிய மருத்துவமனைக்குச் சென்று குழாய் வழியாகப் பெருங்குடலைப் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்னும் பதில் கிடைக்கிறது. அவர் செல்வாரா? செல்லாமலேயே விட்டுவிடுகிறவர்கள் உண்டு. "எனக்குத்தான் ஒன்றும் செய்யவில்லையே" என்பது அவர்கள் கூறும் காரணம். அந்தக் குழாயை நினைத்தாலே ஏற்படும் அச்சமும் கூச்சமும் அவர்கள் கூறாத காரணம்.

அச்சத்தைப் பழித்துப் பயனில்லை. அதற்கு ஓரளவு நியாயமும் உண்டு. ஏனெனில் கொலனொஸ்கோப்பி எனப்படும் இந்தப் பரிசோதனை எல்லாருக்கும் எளிதாக முடிந்துவிடுவதன்று. அதை எளிதாக்கவென்று கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளில் பற்பல துணைக் கருவிகள் வந்துள்ளன. பட்டணத்தில் வாழும் உறவினர் ஒருவர், "இன்ன மருத்துவமனையில் புதுக் கருவி வந்திருக்கிறதாம், அங்கே போனால் நோவே இராதாம்" என்று சொல்லக்கூடும். இத்தகைய பேச்சில் எதை நம்பலாம், எதை நம்பலாகாது என்பதை ஆராய்வோம். மருத்துவ உலகம் இவற்றை எவ்வாறு சோதித்தது என்பதை அறிந்துகொண்டால், முடிவு செய்வது கடினமன்று.

பெருங்குடல் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளமுடையது. மலவாயிலிருந்து தொடங்கி இடப்பக்கமாக மேலேறி, வயிற்றின் குறுக்கே சென்று, வலப்பக்கமாகக் கீழிறங்கி முடிகிறது. வழியில் கூர்மையான வளைவுகள் உள்ளன. இதனினும் பெருந்தொல்லை என்னவெனில், குடலின் சில பகுதிகள் வயிற்றுச் சுவரோடு இறுகப் பொருந்தியிராமல் தொங்குகின்றன. நனைந்த சாக்குப் பைக்குள் தண்ணீர்க் குழாயைத் தள்ளிப் பாருங்கள். தள்ளத் தள்ளக் குழாயின் நுனி முன்னே செல்லாமல், நடுப்பகுதி வளைந்து சுருண்டுகொள்ளும். சாக்கும் அதனுடன் சேர்ந்து இழுபடும். குடலிலும் அவ்வாறே நிகழ்கிறது. சுருள் ஏற்படும்பொழுது குடல் இழுபடுவதாலேயே நோயாளிக்கு வலி உண்டாகிறது. முன்பு வயிற்றில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும், மிக மெலிந்த உடலுடைய பெண்களுக்கும் குழாயைச் செலுத்துவது இன்னும் கடினம்.

குழாயைக் கடைசிவரை செலுத்திவிட்டால் மட்டும் போதாது. குடலின் உட்சுவர் மடிப்பு மடிப்பாக அமைந்துள்ளது. மருத்துவர் குழாயை மெல்ல வெளியே இழுத்துக்கொண்டு வரும்பொழுதுதான் சுவரைக் கூர்ந்து பார்க்கிறார். அவர் தேடுவது, சிறு காளான்போலவோ தட்டையான மருப்போலவோ தோன்றும் சதை முளைகளை. இவற்றுள் அடினோமா என்னும் வகையைச் சேர்ந்தவை சில, பல ஆண்டுகளில் மெல்ல மெல்லப் புற்றுநோயாக மாறக்கூடும். முளையாக இருக்கும்பொழுதே கம்பிக் கண்ணியால் அகற்றிவிட்டால் அந்தப் புற்று தோன்றுவதில்லை. வயிற்றைக் கிழிக்காமல் குழாய் வழியாகவே முளையை அகற்றும் இம்முறையை 1969ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் ஷின்யா, வுல்ஃப் என்னும் இரு மருத்துவர்கள் செய்து காட்டினர். நமது நாட்டில் இதன் தேவை சிறிதன்று. மலேசியத் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின் 2012 முதல் 2016 வரையிலான கணக்கின்படி, ஆண்களிடையே முதலிடத்திலும் பெண்களிடையே இரண்டாம் இடத்திலும் இருந்தது பெருங்குடல் மலக்குடல் புற்றுநோயே.

ஆனால் மடிப்பின் பின்புறத்தில் மறைந்திருக்கும் முளை, முன்புறம் நோக்கும் கண்ணாடிக்கு எளிதில் தெரிவதில்லை. ஒரே நோயாளிக்கு அடுத்தடுத்து இருமுறை பரிசோதனை செய்து பார்த்த ஆய்வுகளைத் தொகுத்து 2019ஆம் ஆண்டில் வெளியிட்டனர். முதன்முறை பார்த்தபொழுது ஏறத்தாழ நான்கில் ஓர் அடினோமா கண்ணில் படாமல் தப்பியிருந்தது. தப்பியவற்றுள் பெரும்பாலானவை மிகச் சிறியவையே. எனினும் இதை அற்பமென்று தள்ளிவிட இயலாது. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 136 மருத்துவர்கள் செய்த மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பரிசோதனைகளை ஆராய்ந்து 2014ஆம் ஆண்டில் ஓர் அறிக்கை வெளிவந்தது. நூறு பேரைப் பார்த்தால் எத்தனை பேரிடம் அடினோமாவைக் கண்டுபிடிக்கிறார் என்பதே மருத்துவரின் கண்டறியும் விகிதம். சிலருக்கு அது 8 விழுக்காட்டையும் எட்டவில்லை. சிலருக்கு 50 விழுக்காட்டைத் தாண்டியது! இந்த விகிதம் ஒவ்வொரு விழுக்காடு உயரும்பொழுதும், அம்மருத்துவரிடம் பரிசோதனை செய்துகொண்டவர்களுக்குப் பின்னாளில் புற்றுநோய் தோன்றும் ஆபத்து 3 விழுக்காடு குறைந்து காணப்பட்டது.

ஆகவே துணைக் கருவிகள் தீர்க்க முயலும் இன்னல்கள் இரண்டு. ஒன்று, குழாயைச் சுருளாமலும் வலியில்லாமலும் கடைசிவரை கொண்டுசேர்ப்பது. மற்றொன்று, மறைந்திருப்பதைக் காண்பது.

ஒரு கருவி உண்மையிலேயே பயன்படுகிறதா என்பதை எவ்வாறு அறிவது? இதற்கான விடை தோட்டத் தொழிலாளர்களுக்குப் புதிதன்று. 1925ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் ஒரு புதிய ஒட்டுமர வகையைத் தோட்டங்களுக்குப் பரிந்துரைக்கும் முன், என்ன செய்தது? நல்ல மண்ணில் புது வகையையும் கரம்பில் பழைய வகையையும் நட்டு, "பாருங்கள், புது வகையே சிறந்தது" என்று கூறவில்லை. ஒரே நிலத்தைச் சிறு பாத்திகளாகப் பிரித்து, எந்தப் பாத்தியில் எந்த வகை என்பதைக் குலுக்கலுக்கு விட்டு, பல ஆண்டுகள் பாலை நிறுத்துப் பார்த்தது. ஆர்.ஆர்.ஐ.எம். 600 போன்ற வகைகள் பெயர் பெற்றது இத்தகைய ஒப்பீடுகளின் வழியாகவே. மருத்துவத்திலும் முறை இதுவே. பரிசோதனைக்கு வரும் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்குவர். ஒரு பிரிவினருக்குக் கருவியுடனும் மற்றப் பிரிவினருக்குக் கருவியின்றியும் பரிசோதனை நடைபெறும். மருத்துவர் தம் விருப்பப்படி ஆளைத் தேர்ந்தெடுக்க இடமிராது. தேர்ந்தெடுக்க விட்டால், எளிதாகத் தோன்றும் நோயாளிக்கே புதுக் கருவியைப் பயன்படுத்தத் தோன்றும். அது மனித இயல்பு.

இம்முறையில் நன்கு சோதிக்கப்பட்ட கருவிகளுள் ஒன்று எண்டோகஃப் விஷன் என்பது. பெயர்தான் பெரிது. கருவியோ, சட்டைக் கையின் முனைப்பட்டி போன்ற ஒரு சிறு வளையம். குழாயின் நுனியில் அதை மாட்டிவிடுகிறார்கள். அதன் வெளிப்புறத்தில் மெல்லிய, வளையக்கூடிய விரல்கள் வரிசையாக உள்ளன. குழாய் உள்ளே செல்லும்பொழுது அவ்விரல்கள் படிந்துகொள்கின்றன. வெளியே இழுக்கும்பொழுது விரிந்து, குடலின் மடிப்புகளைப் பற்றி நிமிர்த்துகின்றன. சேலையின் கொசுவத்தை விரலால் பிரித்துப் பார்ப்பதைப் போன்ற வேலை. ஒருவருக்குப் பயன்படுத்தியபின் வளையத்தை எறிந்துவிடுவர்.

இங்கிலாந்து நாட்டின் ஏழு மருத்துவமனைகளில் 1,772 பேரை வைத்து இக்கருவி சோதிக்கப்பட்டது; முடிவு 2019ஆம் ஆண்டில் அச்சேறியது. வளையமின்றிப் பார்த்தபொழுது நூற்றுக்கு 36.2 பேரிடமும், வளையத்தோடு பார்த்தபொழுது நூற்றுக்கு 40.9 பேரிடமும் அடினோமா கண்டறியப்பட்டது. குழாயைக் கடைசிவரை செலுத்தும் நேரமும் ஒரு நிமிடம் குறைந்தது. இவ்வளவோடு நின்றுவிட்டால், "எல்லாருக்கும் நல்லது" என்றே எண்ணத் தோன்றும். ஆய்வாளர்கள் நோயாளிகளை வகைப்படுத்திப் பார்த்தபொழுது வேறொன்று தெரிந்தது. உடல்நலக் குறையேதும் இல்லாமல், மலச்சோதனையில் இரத்தம் இருந்ததால் அனுப்பப்பட்டவர்களிடம் விகிதம் 50.9இலிருந்து 61.7ஆக உயர்ந்திருந்தது. நூற்றுக்குப் பதினொருவர் கூடுதல்! கிடைத்த முன்னேற்றம் பெரும்பாலும் இவர்களிடமிருந்தே வந்தது. மற்ற வகையினரிடம் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. தொடக்கத்தில் நாம் கூறிய தொழிலாளி இந்த முதல் வகையைச் சேர்ந்தவர் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இதே வளையத்தைக் கொண்டு இங்கிலாந்தில் மற்றொரு சோதனையும் நடந்தது. இதில் கலந்துகொண்டவர்கள் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர். இவர்கள் ஐம்பத்தைந்து வயதில், மலச்சோதனை ஏதுமின்றி, குடலின் இடப்பகுதியை மட்டும் பார்க்கும் சுருக்கமான பரிசோதனைக்கு வந்தவர்கள். வளையமின்றி 12.2 விழுக்காடு, வளையத்தோடு 13.3 விழுக்காடு. இத்துணைச் சிறிய வேறுபாடு தற்செயலாகவும் வரக்கூடும் என்பதால், இங்கு வளையத்தால் பயன் இருப்பதாக நிறுவப்படவில்லை.

ஒரே கருவி ஓரிடத்தில் பயன்பட்டு மற்றோரிடத்தில் பயன்படாமற் போவது வியப்பன்று. பால் சுரப்பைப் பெருக்க வெட்டுக்கோட்டில் பூசும் ஊக்கி மருந்து, சில ஒட்டுமர வகைகளில் மங்கை நிரப்புகிறது; வேறு சில வகைகளில் அவ்வளவாகப் பலிப்பதில்லை. தோன்றுவதற்கு முளைகள் மிகுதியாக உள்ளவர்களிடத்தில்தான், மறைந்திருப்பதை வெளிக்கொணரும் கருவிக்கு வேலை உண்டு. "நல்ல கருவியா?" என்ற கேள்வி அரைக் கேள்வியே. "யாருக்கு நல்லது?" என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

வளையத்தின் குறைகளையும் அதே ஆய்வு மறைக்காமல் கூறியது. மயக்க மருந்து இல்லாமலோ மிகக் குறைவாகவோ பெற்றவர்களுக்கு, மலவாயில் நுழையும்பொழுது சிறிது கூடுதலான அசௌகரியம் இருந்தது. நூற்றுக்கு நான்கு பேருக்கு, வழி குறுகலாக இருந்தமை போன்ற காரணங்களால் வளையத்தைக் கழற்ற நேர்ந்தது. கடுமையான கேடு எதுவும் நேரவில்லை.

இவ்வகைச் சோதனைகள் அனைத்திற்கும் உள்ள ஒரு பலவீனத்தையும் இங்கே குறிப்பிடுவது முறை. மாத்திரையைச் சோதிக்கும்பொழுது உண்மை மாத்திரை எது, போலி மாத்திரை எது என்பதை மருத்துவர் அறியாதவாறு மறைக்கலாம். குழாயின் நுனியில் மாட்டியுள்ள வளையத்தை மறைக்க இயலுமா? புதுக் கருவி கையில் உள்ளது என்ற எண்ணமே மருத்துவரைச் சற்றுக் கூடுதலாகத் தேட வைக்கலாம். ஆகவே ஒரே ஒரு சோதனையின் முடிவைக் கண்டு மகிழ்ந்துவிடாமல், வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு மருத்துவர்கள் செய்தபொழுதும் அதே முடிவு வந்ததா என்று பார்ப்பதே அறிவுடைமை.

வலியைக் குறைக்கும் வழிகளுக்கு வருவோம். குழாய் வயிற்றுக்குள் எவ்வாறு வளைந்து கிடக்கிறது என்பதைக் காந்த அலைகளின் உதவியால் திரையில் காட்டும் கருவி ஒன்று உண்டு. சுருள் எங்கே விழுந்தது என்பதை மருத்துவர் கண்ணாலேயே பார்த்து அவிழ்க்கலாம். 2000ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளிவந்த சோதனை, தொழில் பழகும் மருத்துவர்களுக்கு இது பெரிதும் உதவியதென்று காட்டியது. கைதேர்ந்தவர்களுக்கு உதவி குறைவே. நோயாளியின் வலி குறைந்ததென்று பிற்காலச் சோதனைகள் உறுதியாகக் கூறவில்லை. விலையோ மிகுதி.

இதற்கு மாறாக, விலையேயில்லாத ஒரு முறை நன்றாகவே தேறியது. வழக்கமாகக் குடலை விரிப்பதற்குக் காற்றைச் செலுத்துவார்கள். காற்றுக்குப் பதிலாகத் தண்ணீரைச் செலுத்தினால் குடல் அளவுக்கு மீறி உப்புவதில்லை. வளைவுகளும் சற்று நேராகின்றன. 16 சோதனைகளில் ஏறத்தாழ மூவாயிரம் பரிசோதனைகளை ஒப்பிட்டு 2015ஆம் ஆண்டில் வெளியான தொகுப்பு, தண்ணீர் முறையில் வலி குறைந்ததென்றும், மயக்க மருந்து கேட்டவர்கள் குறைவென்றும் கண்டது. தண்ணீர்! எந்த மாவட்ட மருத்துவமனையில் அது இல்லை? காற்றுக்குப் பதிலாகக் கரியமில வாயுவைச் செலுத்துவதும் அவ்வாறே பலமுறை சோதித்துத் தேறியதாகும். குடல் அவ்வாயுவை விரைவாக உறிஞ்சிக்கொள்ள, அது மூச்சின் வழியே வெளியேறிவிடுகிறது. பரிசோதனைக்குப் பின் வயிறு உப்பி வலிப்பது இதனால் குறைகிறது.

அண்மையில் கணினியும் இத்துறைக்கு வந்துவிட்டது. திரையில் முளைபோல் தோன்றும் இடத்தைக் கணினி கட்டமிட்டுக் காட்டுகிறது. சீனாவில் 1,058 பேரிடம் நடத்திய சோதனையில் கண்டறியும் விகிதம் 20.3இலிருந்து 29.1ஆக உயர்ந்ததென 2019ஆம் ஆண்டில் அறிவித்தனர். கூடுதலாகக் கிடைத்தவை பெரும்பாலும் மிகச் சிறு முளைகளே. ஆயினும் போலந்து நாட்டிலிருந்து 2025ஆம் ஆண்டில் வந்த செய்தி ஒன்று சிந்திக்க வைக்கிறது. கணினித் துணை வந்தபின், அத்துணையின்றி அதே மருத்துவர்கள் செய்த பரிசோதனைகளில் விகிதம் 28.4இலிருந்து 22.4ஆகக் குறைந்திருந்ததாம். இவ்வாய்வு குலுக்கல் முறையில் அமைந்ததன்று. ஆகையால் இதையே தீர்ப்பாகக் கொள்ள இயலாது. கருவி காட்டித் தரும் என்று கண் சோம்பிப்போவது நடக்கக்கூடியதே என்பது மட்டும் என் கருத்து.

ஏனெனில் எல்லாக் கருவிகளுக்கும் முன்னதாக மெய்ப்பிக்கப்பட்டது மருத்துவரின் பொறுமை. அமெரிக்காவில் பன்னிரண்டு மருத்துவர்களின் வேலையை அளந்து 2006ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு வெளிவந்தது. குழாயை வெளியே இழுக்கும்பொழுது சராசரியாக ஆறு நிமிடமோ அதற்கு மேலோ எடுத்துக்கொண்டவர்கள் 28.3 விழுக்காட்டினரிடம் முளைகளைக் கண்டனர். விரைந்து முடித்தவர்கள் கண்டதோ 11.8 விழுக்காடு. அவசரமாகச் சீவினால் பட்டை எப்படிப் போகும் என்பது பால்வெட்டுக் கத்தியைப் பிடித்த கைக்குத் தெரியும். ஆகவே தனியார் மருத்துவமனையில் உள்ள புதுக் கருவிக்காகக் கடன் வாங்க வேண்டியதில்லை. அரசாங்க மருத்துவமனையில் பயிற்சி பெற்ற மருத்துவர் நிதானமாகச் செய்யும் பரிசோதனை, அக்கருவி இல்லாவிட்டாலும், உயிர் காக்கக்கூடியதே. குடலில் துளை விழுவது போன்ற பெரிய இடர் ஆயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவாகவே நேர்கிறது. தேவைப்படுகிறவர்களுக்கு வலிக்கும் மயக்கத்திற்கும் ஊசி உண்டு. அதைக் கேட்பதில் கூச்சம் வேண்டா.

மருத்துவரின் கையில் இல்லாமல் நோயாளியின் கையிலேயே உள்ளது ஒன்று உண்டு; அது குடலின் தூய்மை. மலம் படிந்த சுவரில் எந்த வளையமும் எந்தக் கணினியும் முளையைக் காட்டாது. பேதி மருந்தை முதல்நாள் மாலையிலேயே முழுவதும் குடிப்பதைவிட, பாதியை முதல்நாள் மாலையிலும் மீதியைப் பரிசோதனை நாளன்று காலையிலும் குடிப்பதே குடலை நன்கு தூய்மையாக்குகிறது என்பது பல சோதனைகளில் உறுதியாகியுள்ளது. தோட்டத்தில் வாழ்கிறவர்களுக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு. காலையில் பேதி மருந்தைக் குடித்துவிட்டு ஒன்றரை மணி நேரம் பேருந்தில் செல்வது எவ்வாறு? நாள் குறிக்கும்பொழுதே தாதியிடம் தொலைவைச் சொல்லி, முற்பகலின் பிற்பகுதியிலோ பிற்பகலிலோ நேரம் கேட்கலாம். மருத்துவமனைக்கு அருகில் உறவினர் வீடு இருப்பின் முதல்நாளே சென்று தங்குவது இன்னும் நல்லது. மயக்க ஊசி போட்டுக்கொண்டவர் அன்று மோட்டார் சைக்கிள் ஓட்டலாகாது. துணைக்கு ஒருவர் வேண்டும். மறுநாள் வேலைக்குச் செல்வதைப் பற்றியும் மருத்துவரிடமே கேட்டு, விடுப்புச் சான்றிதழைப் பெற்றுக்கொள்ள வேண்டும்.

நீரிழிவு மாத்திரையோ, இரத்தம் உறையாமலிருக்க மாத்திரையோ உட்கொள்கிறவர்கள், அதை எப்போது நிறுத்துவது, எப்போது தொடர்வது என்பதைத் தாமாக முடிவு செய்யாமல், மாத்திரை உறைகளை எடுத்துச் சென்று காட்ட வேண்டும். பரிசோதனைக்கு முந்திய சில நாள்களில் கீரை, விதையுள்ள கொய்யா, டிராகன் பழம் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். முதல்நாளில் தெளிந்த பானங்கள் குடிக்கலாம். ஆனால் சிவப்புச் சிரப் தண்ணீர் வேண்டா. குடலில் தங்கும் அதன் நிறம், திரையில் இரத்தத்தைப் போலவே தோன்றும்.